தங்கத்தின் மேல் தயால் ஒற்றை அடுக்கு: தகடு கழுவுவது முதல் எஸ்.டி.எம். படம் வரை

எத்தனாலில் 1 மில்லிமோலார் டோடெக்கேன்தயால் கரைசல். அதில் ஒரு தங்கத் தகட்டைப் போட்டு மூடி வைத்தால், மறுநாள் தங்கத்தின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு ஒழுங்கான அடுக்கு உருவாகியிருக்கும். தயால் என்றால் ஒரு முனையில் கந்தகம் உள்ள கரிம மூலக்கூறு. அந்தக் கந்தகம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் நீளும் கார்பன் வால்கள் பக்கத்துப் பக்கமாக நெருங்கிச் சாய்ந்து நிற்கும். 1983-இல் பெல் ஆய்வகத்தில் நுஸ்ஸோவும் அலாராவும் டைசல்ஃபைடுகளை (கந்தகம் கந்தகத்தோடு இணைந்த சேர்மங்களை) கொண்டு இதைக் காட்டினார்கள். 1980-களின் இறுதியில் ஹார்வர்டில் வைட்சைட்ஸ் குழு செறிவு, நேரம், சங்கிலி நீளம் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று வரிசையாக அளந்து வைத்தது. இன்று பல ஆய்வகங்களில் ‘சாம்’ (SAM, தானாக அமையும் ஒற்றை அடுக்கு) என்ற பெயரில் தினமும் நடக்கும் வேலை இது.

எளிது என்று பெயர் எடுத்ததாலேயே இதில் கவனக்குறைவும் அதிகம். மூலக்கூறுகள் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. அவற்றுக்கு முன்னால் வேறு எதுவும் தங்கத்தில் போய் உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை அதற்காகத்தான்.

ஒரு கணக்கை முதலிலேயே போட்டுவிடலாம். நன்றாக அமைந்த அடுக்கில் ஒரு மூலக்கூறுக்கு 0.216 சதுர நானோமீட்டர் இடம். அப்படியானால் 1 சதுர செ.மீ. தங்கத்தை மூடச் சுமார் 4.6 × 10¹⁴ மூலக்கூறுகள், அதாவது 0.77 நானோமோல் போதும். 10 மி.லி. கரைசலில் இருப்பதோ 10,000 நானோமோல். எனவே சரக்கு தீர்ந்துபோகும் என்ற கவலை தேவையில்லை. அதே கணக்கு மாசுக்கும் பொருந்தும். கரைசலில் உள்ள தயாலில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறொரு தயாலாக இருந்தாலே அது 10 நானோமோல். உங்கள் தகட்டைப் பல முறை மூடப் போதுமான அளவு. போன வாரம் யாரோ மெர்காப்டோஎத்தனால் என்ற வேறொரு தயாலை வைத்திருந்த குப்பியைச் சும்மா அலசிவிட்டுப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே புரியும். தயால் வேலைக்கென்று தனிக் கண்ணாடிச் சாமான் வேண்டும். அதிலும் ஒவ்வொரு தயாலுக்கும் தனித்தனியாக, பெயர் எழுதி வைக்க வேண்டும்.

எந்த மூலக்கூறு?

முதல் முறை செய்பவர்களுக்கு டோடெக்கேன்தயால்தான் எங்கள் பரிந்துரை. 12 கார்பன் நீளம், அறை வெப்பநிலையில் திரவம், மைக்ரோபிப்பெட்டில் எடுக்கலாம். 10 கார்பனுக்குக் குறைந்தால் வால்களுக்கு இடையிலான இழுவை போதாமல் அடுக்கு தளர்ந்து கிடக்கும். பக்கத்து வால்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில் ஒவ்வொரு கார்பனும் மோலுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 கிலோகலோரி சேர்க்கிறது. ஆக்டாடெக்கேன்தயால் 18 கார்பன் நீளம். அது தரும் அடுக்கு இறுக்கமானது, அரிப்பைத் தாங்கும். ஆனால் மின்சாரத்தை அதிகமாகத் தடுப்பதால் எஸ்.டி.எம்.-இல் (கூர்முனையால் மேற்பரப்பை வருடி, சிறு மின்னோட்டத்தை வைத்து அணு மட்டத்தில் படமெடுக்கும் நுண்ணோக்கியில்) பார்ப்பது கஷ்டம். அது திண்மம், உருகுநிலையும் அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில்; வெயில் காலத்தில் பாட்டிலுக்குள்ளேயே பாதி இளகிக் கிடக்கும். எடை போடும்போது ஸ்பாட்டுலாவில் ஒட்டிக்கொள்ளும்.

நாற்றத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சமையல் கேஸ் கசிந்தால் மூக்கில் ஏறும் வாடை எத்தில் மெர்காப்டனுடையது. அதுவும் ஒரு தயால்தான். 12 கார்பன் தயால் அவ்வளவு எளிதில் ஆவியாகாது என்றாலும் ஒரு சொட்டு மேசையில் விழுந்தால் அறை முழுக்கத் தெரியும். பாட்டிலைத் திறப்பது, பிப்பெட் பண்ணுவது எல்லாம் ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள்) மட்டுமே. பிப்பெட் முனையையும் கையுறையையும் மூடிய பையில் போட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். பயன்படுத்திய குப்பிகளை முதலில் எத்தனாலில் அலசி, அந்தக் கழிவைக் கரைப்பான் கழிவு கேனில் ஊற்றுங்கள். எத்தனால் போன பிறகு, நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இரவு முழுக்க ஊறவிட்டால் வாடை போய்விடும். ஹைப்போகுளோரைட்டோடு அமிலமோ அசிட்டோனோ சேரக்கூடாது. இன்னொன்று: அது குளோரைடும் ஆக்சிஜனேற்றியும் சேர்ந்த கலவை, தங்கத்தையே மெல்லக் கரைக்கும். அதில் ஊறிய குப்பியை நல்ல தண்ணீரில் பல முறை கழுவிக் காயவைத்த பிறகே தகடு அதற்குள் போகலாம்.

தங்கத் தகடு

தொடுகோணம் (சொட்டின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம்), மின்வேதியியல், அரிப்புச் சோதனை ஆகியவற்றுக்குக் கண்ணாடி ஸ்லைடு அல்லது சிலிக்கான் வேஃபர் மேல் பூசிய தங்கம் போதும். முதலில் 5 நானோமீட்டர் குரோமியம் அல்லது டைட்டானியம், அதன் மேல் 100 நானோமீட்டர் தங்கம். வேகம் நொடிக்கு 0.1 நானோமீட்டர், வெற்றிடம் 10⁻⁶ மில்லிபார் அளவில். தங்கம் கண்ணாடியில் நேராக ஒட்டாது. நடுவில் குரோமியம் வைப்பது அதற்காகத்தான். குரோமியம் பூசிய பிறகு சேம்பரைத் திறக்காமல் அடுத்த உலையிலிருந்து தங்கத்தைப் பூச வேண்டும். நடுவில் காற்றுப் பட்டால் குரோமியம் ஆக்சைடாகிப் பிடிப்பு விட்டுப்போகும். தகட்டின் ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இந்தத் தகட்டைச் சூடாக்கக் கூடாது. சூட்டில் குரோமியம் தங்கத்தின் படிக மணிகளுக்கு இடையிலான எல்லைகள் வழியாக மேலே ஏறி வந்து ஆக்சைடாகிவிடும். அந்த இடங்களில் தயால் அமராது. பார்வைக்குத் தங்கம் பளபளவென்றே இருக்கும், அடுக்கில் மட்டும் ஓட்டைகள் வரும். மாதிரி எண்ணைப் பின்பக்கத்தில் வைர முனையால் கீற வேண்டுமானால் பூச்சுக்கு முன்பே கீறிவிடுங்கள். பிறகு கீறினால் கண்ணாடித் தூள் தங்கத்தின் மேல் பறந்து உட்காரும்.

எஸ்.டி.எம். வேலைக்கு மைக்கா வேண்டும். அப்போதுதான் உரித்த மஸ்கோவைட் மைக்காவை வெற்றிடத்திலேயே 300 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் சுட்டு, சூட்டோடு 150 முதல் 200 நானோமீட்டர் தங்கம் பூச வேண்டும். இங்கே குரோமியம் கிடையாது. இப்படிப் பூசியதை விலைக்கும் வாங்கலாம். எப்படியிருந்தாலும் பயன்படுத்துவதற்கு முன் சுடரில் காட்ட வேண்டும். ஹைட்ரஜன் அல்லது பியூட்டேன் சுடர், விளக்கை அணைத்த அறை. சுடரைத் தகட்டின் மேல் சில நொடிகள் வீசி எடுங்கள், நிறுத்துங்கள், மறுபடி வீசுங்கள். இருட்டில் மட்டும் தெரிகிற மங்கலான சிவப்பு வந்தால் போதும். ஆரஞ்சு நிறம் வரை போனால் தங்கம் சுருண்டு முத்து முத்தாகப் பிரியும், மைக்காவும் அடுக்கடுக்காக உப்பும். தகடு பால் போல வெளுத்துத் தெரிந்தால் அது தீர்ந்தது, வேறு தகடு எடுங்கள். சரியாகச் செய்தால் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அகலத்துக்கு அணு மட்டத்தில் தட்டையான (111) தளங்கள் (தங்கப் படிகத்தில் அணுக்கள் மிக நெருக்கமாக அடுங்கிய முகம்) கிடைக்கும்.

சுட்ட தகட்டை நைட்ரஜன் ஓட்டத்தில் முழுதாக ஆறவிட்டே எத்தனால் பக்கம் கொண்டுபோக வேண்டும். சூட்டோடு எத்தனாலில் போட்டால் தீப்பிடிக்கும். சுடர் எரியும் மேசையில் கரைசல் குப்பி திறந்திருக்கவும் கூடாது.

மைக்காவில் இன்னொரு பலவீனம் தண்ணீர். ஓரத்தில் ஒரு சொட்டு பட்டாலும் தங்கத்துக்கும் மைக்காவுக்கும் நடுவே புகுந்து படலத்தை அப்படியே தூக்கிவிடும். மைக்கா தகட்டைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் செய்யும் சோதனைகளுக்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

சுத்தம்

பூசிய உடனே, ஒரு மணி நேரத்துக்குள் கரைசலில் போட முடிந்தால் சுத்தம் செய்யும் வேலையே இல்லை. எங்கள் கருத்தில் அதைவிட நல்ல வழியும் இல்லை. புதுத் தங்கத்தில் தண்ணீர் விரிந்து பரவும். காற்றில் வைக்க வைக்கக் கரிமப் பொருட்கள் படிந்து தொடுகோணம் 60, 70 டிகிரி என்று ஏறிவிடும். தயால் இந்த அழுக்கை ஓரளவுக்குத் தானே தள்ளிவிட்டு அமரும். இந்த முறை இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தள்ளிவிட நேரம் ஆகும். சிலிக்கோன் கிரீஸ் போன்ற அழுக்கோ லேசில் நகராது.

பழைய தகடென்றால் யு.வி. ஓசோன் பெட்டியில் 15 நிமிடம். 185 நானோமீட்டர் ஒளி ஓசோனை உண்டாக்கும், 254 நானோமீட்டர் ஒளி அழுக்கை உடைக்கும். பெட்டி திறந்திருக்கும்போது விளக்கு எரியக் கூடாது, கண் போய்விடும்.

வெளியே எடுத்த தகட்டை நேராகத் தயாலில் போடுவது பரவலாக நடக்கும் தவறு. ஓசோன் தங்கத்தின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடையும் உண்டாக்கியிருக்கும். தயால் அதன் மேலேயே வேகமாக அமர்ந்து ஆக்சைடை உள்ளே பூட்டிவிடும். அந்த அடுக்கில் சொட்டைப் பெருக்கும்போது வரும் முன்னேறும் தொடுகோணத்துக்கும் சுருக்கும்போது வரும் பின்வாங்கும் தொடுகோணத்துக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும், மின்வேதியியல் அளவீடும் நாளுக்கொன்றாக வரும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரூபின்ஸ்டைன் குழு 1990-களில் இதை விரிவாகக் காட்டியது. அதற்கு மருந்து எளிது: ஓசோனுக்குப் பிறகு தகட்டைச் சுத்தமான எத்தனாலில் 20 நிமிடம் போட்டு வையுங்கள். எத்தனால் ஆக்சைடை ஒடுக்கித் திரும்பத் தங்கமாக்கிவிடும். அதன் பிறகு தயால்.

பிரானா கரைசலைப் பற்றி எல்லாச் செய்முறைகளிலும் இருக்கும்: அடர் கந்தக அமிலம் 3 பங்கு, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 பங்கு. தகட்டுக்கு இது தேவையே இல்லை என்பது எங்கள் நிலை. கண்ணாடிக் குப்பிகளுக்குத் தவிர்க்க முடியாதபோது மட்டும், பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, முகக் கவசத்தோடு செய்யுங்கள். பெராக்சைடைத்தான் அமிலத்தில் மெல்ல மெல்லச் சேர்க்க வேண்டும். தானாகவே 100 டிகிரியைத் தொடும் அளவு சூடாகும். எத்தனால் அல்லது அசிட்டோன் ஈரம் இருக்கும் குப்பியில் ஊற்றினால் வெடிக்கும். மூடிய பாட்டிலில் சேமித்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

கரைசல்

டோடெக்கேன்தயாலின் மூலக்கூறு எடை 202.4, அடர்த்தி 0.845. 50 மி.லி. எத்தனாலுக்கு 12 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 1 மில்லிமோலார் ஆகிவிடும். இவ்வளவு சிறிய அளவைப் பிப்பெட்டில் துல்லியமாக எடுப்பது சிரமம் என்றால், 10 மி.லி.-க்கு 24 மைக்ரோலிட்டர் போட்டு 10 மில்லிமோலார் மூலக்கரைசல் செய்து, அதைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யலாம். ஆக்டாடெக்கேன்தயால் என்றால் 50 மி.லி.-க்கு 14.3 மி.கி. செறிவு 10 சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் அடுக்கில் வித்தியாசம் தெரியாது. சுத்தம்தான் தெரியும்.

எத்தனால் அப்சல்யூட்டாக (தண்ணீரோ வேறு எதுவுமோ கலக்காததாக) இருக்க வேண்டும். மெத்திலேட்டட் ஸ்பிரிட், சர்ஜிகல் ஸ்பிரிட் எதுவும் உதவாது. அவற்றில் வேண்டுமென்றே கலந்த பொருட்கள் உள்ளன. தயால் சேர்க்கும் முன் எத்தனாலில் 15 நிமிடம் நைட்ரஜன் அல்லது ஆர்கான் குமிழ விடுங்கள். கரைந்த ஆக்சிஜன் கந்தகத்தைச் சல்ஃபோனேட்டாக மாற்றும். அது தங்கத்தைப் பிடிக்காது. குமிழ விடும் குழாய் டெஃப்லான் அல்லது கண்ணாடி. ரப்பர் குழாயைக் கரைசலுக்குள் இறக்கினால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் இறங்கி, நீங்கள் போட்ட தயாலுக்கு முன்பே தங்கத்தைப் பிடிக்கும். குப்பி மூடிக்கும் இதேதான்: உள்பக்கம் டெஃப்லான் பூசியதாகப் பாருங்கள். பாராஃபில்ம் சுற்றுவதானால் மூடிக்கு வெளியே மட்டும்.

பழைய கரைசலை வைத்து ஓட்டாதீர்கள். தயால்கள் மெதுவாக இணைந்து டைசல்ஃபைடாகும். அதுவும் தங்கத்தில் அமரும் என்றாலும் கரைதிறன் குறைவு, வெள்ளைத் துகளாகப் படியலாம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்குவது 12 மைக்ரோலிட்டர் செலவுதான்.

ஊறவைத்தல்

20 மி.லி. குப்பியில் 10 மி.லி. கரைசல். தகட்டைச் சாய்த்து நிறுத்துங்கள், தங்கப் பக்கம் மேல்நோக்கி. கீழ்நோக்கி இருந்தால் குப்பிச் சுவரில் உரசும், குமிழ் ஒட்டிக்கொண்டால் அந்த வட்டம் மட்டும் மூடப்படாமல் போகும். இடுக்கியால் தொடுவது எப்போதும் ஒரே மூலையை மட்டும். நைட்ரஜனால் மேற்பரப்புக் காற்றைத் துரத்தி, மூடி, இருட்டில் 18 முதல் 24 மணி நேரம்.

ஏன் அவ்வளவு நேரம் என்ற கேள்வி எப்போதும் வரும். மூலக்கூறுகள் வந்து சேர்வது சில நிமிடங்களில் 80, 90 சதவீதம் முடிந்துவிடுகிறது. 10 நிமிடத்தில் எடுத்துத் தொடுகோணம் பார்த்தால் 100-ஐத் தாண்டியிருக்கும், வேலை முடிந்த மாதிரியே தோன்றும். 1996-இல் பொய்ரியரும் பைலன்டும் உயர் வெற்றிடத்தில் எஸ்.டி.எம். மூலம் ஆரம்பக் கட்டத்தைப் படமெடுத்தார்கள். முதலில் வரும் மூலக்கூறுகள் தங்கத்தின் மேல் படுத்துக்கொண்டு வரிகளாக அடுக்குகின்றன. கூட்டம் கூடக் கூட, அங்கங்கே நிற்கும் தீவுகள் தோன்றி அவை பரவுகின்றன. அந்தத் தீவுகள் ஒவ்வொன்றும் தனித்தனித் திசையில் சாய்ந்திருக்கும். எல்லைகளில் இருப்பவை மெல்லத் திரும்பி ஒழுங்குக்கு வருவதற்குத்தான் மீதி நேரமெல்லாம். அவசரமென்றால் ஒரு வழி உண்டு: முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு குப்பியை 60 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் தீவுகள் பெரிதாகும். குப்பி இறுக மூடியிருந்தால் அழுத்தம் கூடும், சற்றே தளர்த்தி வையுங்கள்.

எடுத்த பிறகு 15 நொடி எத்தனால் ஓடவிட்டு அலசி, புது எத்தனாலில் ஒரு நிமிடம் முக்கி, நைட்ரஜனில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஊதிக் காயவையுங்கள். தானாகக் காயவிட்டால் சொட்டின் விளிம்பில் மிச்சமிருக்கும் தயால் வட்டக் கறையாகப் படியும். சோனிகேட்டரில் (மீயொலித் தொட்டியில்) நெடுநேரம் போட்டால் மெல்லிய தங்கமே உரியும். பிளாஸ்டிக் வாஷ் பாட்டில் வேண்டாம். அதில் நாள்கணக்கில் நின்ற எத்தனால் பிளாஸ்டிசைசரை இழுத்து வைத்திருக்கும்.

சோதனைகள்

தொடுகோணம்தான் முதல் சோதனை. 3 மைக்ரோலிட்டர் தண்ணீர், முன்னேறும் கோணம் 110 டிகிரியை ஒட்டி வர வேண்டும். ஹெக்ஸாடெக்கேன் சொட்டு 45 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். இரண்டாவதை நிறையப் பேர் பார்ப்பதில்லை, ஆனால் ஒழுங்கைக் காட்டுவது அதுதான். வால்கள் நேராக நின்றால் வெளியே தெரிவது நுனியிலுள்ள மெத்தில் மட்டுமே. குழம்பிக் கிடந்தால் நடுக் கார்பன்களும் வெளியே தெரியும், எண்ணெய்ச் சொட்டு சட்டென்று பரவும். தண்ணீரால் இந்த வித்தியாசத்தை அவ்வளவாகப் பார்க்க முடியாது. மெழுகு பூசினாலும் தண்ணீர் 105-க்கு மேல் காட்டும்! தண்ணீர் எண்ணை மட்டும் வைத்து நல்ல அடுக்கு என்று எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை.

எலிப்சோமீட்டர் (ஒளியை வைத்துப் படலத் தடிமனை அளக்கும் கருவி) இருந்தால், ஒளிவிலகல் எண் 1.45 என்று வைத்து டோடெக்கேன்தயாலுக்கு 1.5 நானோமீட்டர் பக்கத்தில் வரும். வால் 30 டிகிரி சாய்ந்திருப்பதால் கார்பன் ஒன்றுக்கு 0.11 நானோமீட்டர் கூடும். அளவீட்டுக்கு அதே தகட்டின் வெறும் தங்க மதிப்பு முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். வேறு தகட்டின் மதிப்பைப் போட்டால் வரும் பிழை அடுக்கின் தடிமனுக்கு நிகராக இருக்கும். 2 நானோமீட்டருக்கு மேல் காட்டினால் மேலே ஒட்டிய உபரி போகவில்லை என்று பொருள். மறுபடி அலசுங்கள்.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்கச் சைக்ளிக் வோல்டாமெட்ரியை (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறையை) விடக் கூர்மையானது இல்லை. 1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 1 மில்லிமோலார் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. வெறும் தங்கத்தில் இரு உச்சிகளும் 60 முதல் 80 மில்லிவோல்ட் இடைவெளியில் அழகாக வரும். நல்ல அடுக்கில் உச்சியே இருக்காது, மெல்லிய படுக்கைக் கோடு மட்டும். எஸ் வடிவ வளைவு வந்தால் ஊசி ஓட்டைகள் அங்கங்கே சிதறியிருக்கின்றன. முழு உச்சி திரும்பினால், அடுக்கைக் குறை சொல்லும் முன் ஓ-ரிங் கசிகிறதா, தகட்டின் வெட்டிய விளிம்பு நனைகிறதா என்று பாருங்கள்.

அதே செல்லில், ஃபெரிசயனைடு இல்லாமல் உப்புக் கரைசலில் மின்தேக்குத்திறனையும் எடுத்துவிடலாம். ஹைட்ரோகார்பனின் மின்காப்பு மாறிலி 2.3, தடிமன் 1.5 நானோமீட்டர், கணக்கில் சதுர செ.மீ.-க்கு 1.4 மைக்ரோஃபாரட் வரும். வெறும் தங்கம் 20-க்கும் மேல் காட்டும். 0.5 சதுர செ.மீ. பரப்பில் நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் சுற்றினால் முன்பாதைக்கும் பின்பாதைக்கும் இடையே 140 நானோஆம்பியர் வித்தியாசம்தான் இருக்க வேண்டும். 2 மைக்ரோஃபாரட்டைத் தாண்டினால் அடுக்குக்குள் தண்ணீரும் அயனியும் புகுகின்றன.

எத்தனை மூலக்கூறு அமர்ந்தது என்று எண்ண வேண்டுமானால் ஒடுக்கி உரிக்கும் முறை. 0.5 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 15 நிமிடம் நைட்ரஜன், பிறகு வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்வாய்க்கு எதிராக −0.2-இலிருந்து −1.4 வோல்ட் வரை. −1.1 பக்கத்தில் ஒரு கூர்மையான உச்சி வரும். ஒவ்வொரு கந்தகமும் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு தங்கத்தை விடுகிறது. கணக்குப்படி சதுர செ.மீ.-க்கு 74 மைக்ரோகூலாம். நேரில் 90, 100 என்றுதான் பெரும்பாலும் வரும். மூலக்கூறு கூடுதலாக இருக்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அடுக்கு போனதும் மின்தேக்குத்திறன் திடீரென்று ஏறுவதால் ஒரு பங்கு மின்னூட்டம் அதற்கே போகிறது. தங்கத்தின் உண்மைப் பரப்பும் வரைபடத்தில் அளக்கும் பரப்பைவிட 10, 20 சதவீதம் அதிகம். நைட்ரஜனைத் தவிர்த்தால் ஆக்சிஜன் ஒடுக்கம் அதே இடத்தில் வந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கும்.

கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, கண்ணாலேயே பார்க்கலாம். 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 0.1 மோலார் சோடியம் தயோசல்ஃபேட், 0.01 மோலார் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, 0.001 மோலார் பொட்டாசியம் ஃபெரோசயனைடு. இந்தக் கலவை வெறும் தங்கத்தைக் கரைக்கும், நல்ல அடுக்கு மூடிய தங்கத்தை விட்டுவைக்கும். 16 அல்லது 18 கார்பன் தயாலில் ஊறிய தகட்டையும் வெறும் தகட்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். 50 நானோமீட்டர் வெறும் தங்கம் 10 நிமிட அளவில் மறைந்து கண்ணாடி தெரியும். மூடியது அப்படியே நிற்க வேண்டும். விளக்குக்கு எதிரே பிடித்தால் ஓட்டை உள்ள இடங்கள் நட்சத்திரப் புள்ளிகளாக ஒளிரும். இந்தக் கலவையில் அமிலம் படக்கூடாது. கழிவை அமிலக் கழிவோடு சேர்க்கவே கூடாது, சயனைடு வாயு வரும்.

எஸ்.டி.எம்.

மைக்கா மேல் டோடெக்கேன்தயால் அல்லது டெக்கேன்தயால், சாதாரணக் காற்றில். முனைக்கு 0.25 மி.மீ. பிளாட்டினம்-இரிடியம் கம்பி, நல்ல கட்டரால் சாய்வாகப் பிடித்து, வெட்டும்போதே இழுத்து அறுங்கள். வெட்டிய நுனியை எதிலும் தொடாதீர்கள். நான்கு வெட்டினால் ஒன்று நன்றாக அமையும். சந்தேகமிருந்தால் முதலில் கிராஃபைட்டில் அணுக்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

வெறும் தங்கத்துக்குப் போடும் 1 நானோஆம்பியரை இங்கே போடக் கூடாது. அவ்வளவு மின்னோட்டம் வேண்டுமென்றால் முனை அடுக்குக்குள் இறங்கி மூலக்கூறுகளை உழுதுகொண்டு போகும். 0.8 முதல் 1 வோல்ட், 5 முதல் 20 பிக்கோஆம்பியர் போதும். இடைவெளித் தடை 50 கிகாஓமுக்கு மேல் நிற்க வேண்டும். முன் பெருக்கி இவ்வளவு சிறிய மின்னோட்டத்தைப் படிக்காதென்றால் முயல்வதில் பயனில்லை. மாதிரியை ஏற்றியதும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். வெப்ப நகர்வு அடங்காமல் எடுக்கும் படத்தில் அறுகோணம் சாய்சதுரமாக இழுபட்டுத் தெரியும், அதை வைத்து இடைவெளி அளந்தால் தப்பாகும்.

முதலில் 200 நானோமீட்டர் சதுரம், 2 ஹெர்ட்ஸ். தட்டையான தளங்கள், அவற்றைப் பிரிக்கும் 0.24 நானோமீட்டர் உயரப் படிகள், தளமெங்கும் அம்மைத் தழும்பு மாதிரி 2 முதல் 5 நானோமீட்டர் அகலமுள்ள இருண்ட பள்ளங்கள். இந்தப் பள்ளங்களைப் பார்த்ததும் அடுக்கில் ஓட்டை என்று நினைப்பவர்கள் அதிகம். ஆழத்தை அளந்து பாருங்கள்: அதே 0.24 நானோமீட்டர், தங்கத்தின் ஓர் அணு அடுக்கு. அடுக்கில் ஓட்டையென்றால் இவ்வளவு சரியாக ஒரே ஆழம் வராது. கந்தகம் தங்கப் பரப்பிலிருந்து அணுக்களை மேலே இழுக்கிறது. இரு கந்தகங்களுக்கு நடுவே ஒரு தங்க அணு உட்காரும் அமைப்பை 2006-இல் மக்சிமோவிச், சொரெஸ்கு, யேட்ஸ் மூவரும் சிறிய தயால்களில் காட்டினார்கள். அணு போன காலியிடங்கள் நகர்ந்து ஒன்றுசேர்ந்து பள்ளமாகின்றன. பள்ளத்தின் அடியிலும் தயால் நின்றுகொண்டுதான் இருக்கிறது. தயால் சேர்ந்ததற்கான முதல் அடையாளமே இந்தப் பள்ளங்கள்தான். அவை இல்லாத, மழமழவென்ற தளம் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். 60 டிகிரியில் வைத்த மாதிரியில் சிறு பள்ளங்கள் குறைந்து, சில பெரிய பள்ளங்கள் மட்டும் இருக்கும்.

பள்ளமில்லாத இடம் பார்த்து 20 நானோமீட்டருக்குப் போங்கள், வேகத்தை 5 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றுங்கள். புள்ளிகள் அறுகோணமாக, 0.5 நானோமீட்டர் இடைவெளியில் நிற்கும். தங்க அணுக்களுக்கு இடையே 0.288, அதை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 0.499. தங்க வரிசையிலிருந்து 30 டிகிரி திரும்பிய இந்த அமைப்புதான் அடிப்படை. கூர்ந்து பார்த்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே பிரகாசத்தில் இருக்காது. வரிசை விட்டு வரிசை மங்கலாகி, நான்கு மூலக்கூறுகள் சேர்ந்த செவ்வக அலகு ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது தெரிந்தால் முனையும் நன்று, அடுக்கும் நன்று. டொமைன் (ஒரே திசையில் ஒழுங்காகச் சாய்ந்த பகுதி) எல்லைகள் இருண்ட கோடுகளாக ஓடும். எல்லைக்கு எல்லை 10 நானோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் இன்னும் ஊற வேண்டிய மாதிரி.

படம் மெல்ல மங்கிக்கொண்டே போனால் முனையில் தயால் ஒட்டியிருக்கிறது. அரை நொடிக்கு 3 வோல்ட் துடிப்பு கொடுத்தால் பெரும்பாலும் உதறிவிடும். ஆனால் அந்த இடத்தில் அடுக்கு கெடும், 500 நானோமீட்டராவது தள்ளிப் போய்த் தொடருங்கள்.

வைத்திருப்பதும் மறுபடி பயன்படுத்துவதும்

முடிந்தவரை அன்றே அளந்துவிடுங்கள். காற்றிலுள்ள சிறிதளவு ஓசோனே கந்தகத்தைச் சல்ஃபோனேட்டாக்கிவிடும். எக்ஸ்.பி.எஸ்.-இல் (எக்ஸ் கதிர் வெளியேற்றும் எலக்ட்ரான்களை அளக்கும் முறையில்) தங்கத்தைப் பிடித்த கந்தகம் 162 எலக்ட்ரான் வோல்ட்டிலும், கெட்டது 167, 168-இலும் தனியாகத் தெரியும். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் இது சில நாட்களிலேயே தொடங்கிவிடும். லேசர் பிரின்டர், ஓசோன் பெட்டி இருக்கும் அறை இன்னும் மோசம். வைத்தே ஆக வேண்டுமென்றால் நைட்ரஜன் நிரப்பிய குப்பியில், இருட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் தயால் கரைசலிலேயே விட்டுவிட்டு, தேவைப்படும் நாளில் எடுத்து அலசிக்கொள்ளலாம்.

கண்ணாடி மேல் பூசிய தகட்டைத் திரும்பப் பயன்படுத்த, யு.வி. ஓசோனில் 20 நிமிடம் வைத்து அடுக்கை ஆக்சிஜனேற்றி, தண்ணீரிலும் எத்தனாலிலும் அலசி, முன்பு சொன்ன 20 நிமிட எத்தனால் முக்கலைச் செய்தால் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு ஃபெரிசயனைடு வளைவை வெறும் தகட்டில் எடுத்துப் பாருங்கள். உச்சி இடைவெளி 100 மில்லிவோல்ட்டைத் தாண்டத் தொடங்கியதும் அந்தத் தகட்டை ஒதுக்கிவிடுங்கள். மைக்கா தகட்டுக்கு இது பொருந்தாது, ஒரு முறைதான்.